காலில் மிதிபடும் சுவிட்ச்: ஒரு சின்ன வரலாறு

பழைய அம்பாசிடர் ஓட்டியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கிளட்சுக்கு இடப்பக்கம், தரையோடு தரையாக ஒரு இரும்புக் குமிழ். எதிரே லாரி வந்தால் இடது காலால் ஒரு மிதி, ஹெட்லைட் டிம் ஆகும். இன்னொரு மிதி, மறுபடி பிரைட். கை ஸ்டீயரிங்கை விடவே வேண்டாம்.

கிட்டார் வாசிப்பவர் காலடியில் கிடக்கும் எஃபெக்ட்ஸ் பெடலில் இருப்பதும் இதே யோசனைதான். ரெண்டு கையும் வேலையாக இருக்கும்போது ஒலியை மாற்ற வேண்டும் என்றால் மிச்சம் இருப்பது கால்தான். எனக்குத் தொழில் மென்பொருள். பாகூர், வில்லியனூர் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கிற சில நண்பர்கள், "நீ பி.இ. தானே, இதைக் கொஞ்சம் பாரு" என்று பெடலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் சர்க்யூட் நன்றாகவே இருக்கும். செத்துப்போனது சுவிட்ச். இந்தச் சின்னப் பொருள் ஏன் இப்படி உயிரை விடுகிறது என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

நம்ம மேடையில் காலுக்கு இசை வேலை கொடுத்தது கிட்டார் இல்லை, ஹார்மோனியம். பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1840களில் காப்புரிமை வாங்கிய ஹார்மோனியம் காலால் துருத்தி மிதிக்கும் கருவி. பிறகு கல்கத்தாவில் அதைக் கையால் துருத்தி தள்ளும் சின்னப் பெட்டியாக மாற்றினார்கள், அதுதான் இந்தியா முழுக்கப் பரவியது. ஆனால் தமிழ் நாடக மேடை கால் ஹார்மோனியத்தை விடவில்லை. காரணம் எளிது: கால் மிதித்தால் ரெண்டு கையும் கட்டைகளுக்குக் கிடைக்கும், சத்தமும் கடைசி வரிசை வரை போகும். அந்த மேடையின் தலைமை ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் காலமானது புதுச்சேரியில்தான், சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. துருத்தி மிதிப்பது சுவிட்ச் போடுவது ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இசைக்கருவி ஒன்று மனுஷன் கால் எடையைத் தாங்கியாக வேண்டும் என்ற சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது.

சரி, சுவிட்சுக்கு வருவோம்.

அமெரிக்காவில் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸ் பாடிய ஒரு பாட்டின் ஒலிப்பதிவில் மிக்சரின் ஒரு சேனல் பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று கிழிந்து ஒலித்தது. பாட்டு 1961இல் வெளிவந்து ஹிட். எல்லாருக்கும் அந்தக் கரகரப்பு வேண்டும். ஒலிப்பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதை டிரான்சிஸ்டரில் செய்து பார்த்தார், கிப்சன் நிறுவனம் 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் எஃப்இசட்-1 என்று விற்பனைக்கு விட்டது. முதலில் கடையில் தூசி படிந்து கிடந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் "சாட்டிஸ்ஃபாக்‌ஷன்" வந்த பிறகுதான் ஓட்டம் பிடித்தது. அதற்குப்பின் எத்தனையோ ஒலிகள், எத்தனையோ பெட்டிகள். 1967 வாக்கில் வந்த வா-வா பெடலில் சுவிட்ச் மிதிகட்டையின் நுனிக்குக் கீழே ஒளிந்திருக்கும், பாதத்தை முழுசாக முன்னால் அழுத்தினால்தான் 'டக்' என்று விழும்.

இந்தப் பெட்டிகளில் போட்ட சுவிட்சுகள் எதுவும் இசைக்காகப் பிறந்தவை அல்ல. மின்சாதனங்களுக்கு என்று வந்த அழுத்து சுவிட்சுகள்தான். ஒரு மிதிக்கு உள்ளே இருக்கும் நெம்பு ஒரு பக்கம் சாயும், அடுத்த மிதிக்கு மறுபக்கம். நமது பால்பாயிண்ட் பேனாவுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த சுவிட்ச் ரெண்டு பாரத்தைச் சுமக்கிறது. ஒன்று கால். செருப்போடும் ஷூவோடும், பாட்டின் வேகத்தில், கணக்கு வழக்கில்லாமல் விழும் மிதி. ஒரு கச்சேரிக்கு 25 பாட்டு, பாட்டுக்கு நாலு மிதி என்றால் இரவுக்கு 100. வருஷத்துக்கு 60 மேடை கிடைத்தால் 6,000. சினிமாப் பாட்டை அப்படியே கொண்டுவர வேண்டிய மெல்லிசைக் குழுவில் நாலு மிதி என்பது குறைச்சலான கணக்கு. பல்லவிக்கு ஒரு ஒலி, இடையிசைக்கு வேறு ஒலி, அதுவும் தாளம் தப்பாமல் மாற வேண்டும்.

ரெண்டாவது பாரம் மின்சாரம். இங்கேதான் நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இருக்கிறது. அம்பாசிடர் டிப் சுவிட்ச் வழியாகப் போவது ஹெட்லைட் மின்னோட்டம், பல ஆம்பியர். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே பொறி பறக்கும், காண்டாக்ட் கருகிக் கருகித் தேயும். கிட்டார் சுவிட்சில் நடப்பது நேர்மாறு. பிக்கப்பிலிருந்து வருவது மில்லிவோல்ட் கணக்கு, மின்னோட்டமோ மைக்ரோ ஆம்பியர். அப்படியானால் சுவிட்ச் ரொம்ப நாள் வரவேண்டுமே? வராது. வீட்டில் வெள்ளி விளக்கு சும்மா வைத்திருந்தாலே கறுக்கிறதே, அதே கறுப்பு வெள்ளி காண்டாக்ட் மேலும் படியும். பெரிய மின்னோட்டம் அந்தப் படலத்தை எரித்து வழி பண்ணிக்கொள்ளும், சின்ன சிக்னலுக்கு அந்தத் திராணி கிடையாது. எனவே அதிக மின்சாரத்தால் கார் சுவிட்ச் சாகிறது, மின்சாரம் போதாமல் கிட்டார் சுவிட்ச் சாகிறது. பெட்டியில் "5 ஆம்பியர் தாங்கும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குவதில் அர்த்தமே இல்லை என்பது இதனால்தான். குறைந்த சிக்னலுக்குத் தங்க முலாம் போட்ட காண்டாக்ட் தேவலை. நம் பக்கம் இன்னொரு வில்லன், கடற்காற்று. கூடவே கோயில் திடலில் பந்தல் போட்ட மேடையின் புழுதி. சுவிட்ச் தண்டுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் மண் இறங்கிவிட்டால் அவ்வளவுதான்.

கம்பிகளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்பகாலப் பெடல்கள் பலவற்றில், வா-வாவில் குறிப்பாக, ஆஃப் செய்தாலும் உள்ளே சர்க்யூட் கிட்டார் கம்பியிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் கூர்மை மழுங்கும். ரெண்டு பக்கமும் சேர்த்துக் கழற்ற ஆறு கால் சுவிட்ச் வேண்டும். கூடவே ஆன் என்று காட்ட எல்இடி எரிய வேண்டும் என்றால் ஒன்பது கால். இன்று கடைகளில் கிடைக்கும் நீல நிற ஒன்பது கால் சுவிட்ச் அதுதான். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் உடம்பு பிளாஸ்டிக். சால்டரிங் கோலை ஒரு காலில் கொஞ்சம் அதிக நேரம் வைத்தால் பிளாஸ்டிக் இளகி உள்ளே காண்டாக்ட் சாய்ந்துவிடும். புத்தம்புது சுவிட்ச் மேடை ஏறும் முன்பே பாதி செத்திருக்கும். ஆகையால் ஒரு காலை முடித்துவிட்டு எதிர் மூலைக் காலுக்குப் போவது, நடுவே ஆறவிடுவது நல்லது.

ரெண்டு பாரத்தையும் பிரித்தவர்கள் ஜப்பான்காரர்கள். ரோலண்டின் பாஸ் நிறுவனம் 1977இல் ஓடி-1 உள்ளிட்ட மூன்று சின்னப் பெடல்களைக் கொண்டுவந்தது. பெட்டியில் பாதி இடத்துக்கு ஒரு அகல மிதிகட்டை, அடியில் ஸ்பிரிங், மேலே ரப்பர். கால் எடை முழுக்க வார்ப்பு அலுமினியப் பெட்டிக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு சுவிட்சுக்கு வருவது லேசான ஒரு தட்டல். அந்தத் தட்டல் கிட்டார் சிக்னலைத் தொடுவதே இல்லை. ஒரு ஃபிளிப்-ஃப்ளாப்பைப் புரட்டும், அது எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர்களைத் திறந்து மூடும். பிரிட்டனில் எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918இல் வால்வில் காப்புரிமைக்குக் கொடுத்த அதே ஃபிளிப்-ஃப்ளாப். ஒரே ஒரு பிட் நினைவாற்றல்! நான் தினம் ஜிபி கணக்கில் வீணடிக்கும் மெமரியின் கொள்ளுத்தாத்தா, காலடியில் உட்கார்ந்துகொண்டு "இப்போ ஆனா, ஆஃபா" என்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார். அந்தப் பெட்டி வடிவம் இன்றுவரை மாறவில்லை. பழையது ஒன்று கைக்கு வந்தபோது திறந்து பார்த்தேன், மிதிகட்டை ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தது, உள் சுவிட்ச் வேலை செய்தது.

அதற்கும் விலை உண்டு. சிக்னல் எப்போதும் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போகும். அடாப்டர் ஒயர் கழன்றால் கிட்டாரே ஊமை. பழைய மெக்கானிக்கல் சுவிட்சில் பைபாஸில் இருந்தால் கரண்ட் இல்லாவிட்டாலும் சிக்னல் போய்க்கொண்டே இருக்கும்.

இப்போது வருவது மூன்றாவது தலைமுறை: மெல்லிய சுவிட்ச், மைக்ரோகண்ட்ரோலர், ரிலே. மூடிய உறைக்குள் இருக்கும் ரிலேவுக்குத் தூசி போகாது, இயந்திர ஆயுள் கோடிக்கணக்கில் சொல்கிறார்கள். இது என் ஏரியா என்பதால் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எந்த சுவிட்சும் ஒரே தடவை ஒட்டாது. சில மில்லிசெகண்ட் துள்ளித் துள்ளித்தான் ஒட்டும். அந்தத் துள்ளலை நிரல் கண்டுகொள்ளாமல் விடவேண்டும். எழுதியவர் சோம்பேறி என்றால் ஒரு மிதிக்கு ரெண்டு தடவை மாறும், பாட்டுக்காரர் திரும்பி முறைப்பார்.

நண்பர்கள் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். ரிலே பெடலில் சுவிட்ச் போனால் மாற்றிவிடலாம், மைக்ரோகண்ட்ரோலர் போனால் அதற்குள் இருந்த நிரலுக்கு நான் எங்கே போவது? ஒன்பது கால் சுவிட்ச் சீக்கிரம் சாகும், ஆனால் சால்டரிங் தெரிந்த யாரும் அரை மணியில் மாற்றிவிடுவார்கள். மேடைக்கு மேடை சம்பளம் வாங்குகிறவருக்கு, பத்து வருஷம் உழைக்கும் ஆனால் ரிப்பேர் ஆகாத பொருளைவிட, ரெண்டு வருஷத்தில் போய் அன்றைக்கே சரியாகும் பொருள் மேல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பாட்டுக்குப் பாட்டு மிதிக்கும் ஒரு பெடலுக்கு மட்டும் அகல மிதிகட்டை வகை போதும்.

ஆடி மாசம் பிறந்தால் அம்மன் கோயில் கச்சேரிகள் வரிசை கட்டும். அதற்கு முன்னால், சும்மா கிடந்த பெடலை எடுத்து சுவிட்சை அம்பது தடவை அழுத்தச் சொல்வேன். உள்ளே காண்டாக்ட் உரசி உரசிக் கறுப்பு கொஞ்சம் விலகும். ஒன்பது கம்பியும் முன்கூட்டியே பற்றவைத்த சுவிட்ச் ஒன்று கிட்டார் பையின் பக்க ஜிப்பில் கிடக்கட்டும்.