படகு ஸ்டீயரிங் கேபிள்

அவுட்போர்டு இன்ஜின் பூட்டிய சிறு மீன்பிடிப் படகுகளில், ஸ்டீயரிங் சக்கரத்தின் சுழற்சியை இன்ஜினுக்குக் கொண்டுசெல்லும் உறையிட்ட எஃகுக் கம்பி. சக்கரத்துக்குப் பின்னுள்ள பற்சக்கரப் பெட்டி உள்கம்பியைத் தள்ளும், இழுக்கும். மறுமுனைத் தண்டு இன்ஜினின் சாய்வுக் குழாய் வழியே வெளிவந்து, இணைப்புக் கோல் மூலம் இன்ஜினைத் திருப்பும்.

உறை வெடித்த இடத்தில் உப்புநீர் புகுந்தால் உள்கம்பி துருவேறும்; துரு பருத்து உறையையே புடைக்க வைக்கும். சக்கரம் இறுகுவதும், வெடிப்பில் பழுப்பு நீர் கசிவதும் மாற்றவேண்டிய அறிகுறிகள். எண்ணெய் விட்டு இளக்கிக் காலம் தள்ளுவது ஆபத்து. ஓட்டத்தில் கேபிள் அறுந்தால் படகு சொன்னபடி கேட்காது, உயிர்ச்சேதம்கூட நேரலாம்.

புதியது அடிக்கணக்கில் கிடைக்கும். சரியான நீளத்தை அறிய, பழைய உறைமேல் அச்சிட்ட எண்ணை முதலில் தேட வேண்டும்.

கழற்றுவதுதான் பெரும்பாடு. பழைய படகுகளில் தண்டு சாய்வுக் குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்து, மரக்கட்டை கொடுத்துப் பொறுமையாகத் தட்ட வேண்டும். உருவுமுன் பழைய கேபிளின் நுனியில் ஒரு கயிற்றைக் கட்டிவிட்டால், புதியதை அதே வழியில் இழுத்துக்கொள்ளலாம். குழாயின் உள்ளே கெட்டித்த கிரீஸைத் துடைத்தெடுக்காவிட்டால் புதிய கேபிளும் இறுகும். தண்டு முழுதும் உள்ளிழுத்திருக்கும்போதுதான் கிரீஸ் ஏற்ற வேண்டும். நீண்டிருக்கும்போது ஏற்றினால், அடைபட்ட கிரீஸ் ஸ்டீயரிங்கைப் பூட்டிவிடும். இணைப்புக் கோலுக்குத் தானே இறுகிக்கொள்ளும் நட்டுகளைப் புதிதாகவே போட வேண்டும்.