பெயரில்லாத உளி

சிவகாசியை அடுத்த நாரணாபுரத்தில், அற்ப விலைத் தீப்பெட்டியும் தன்னைச் செய்த கம்பெனியின் பெயரைச் சுமந்தே கடைக்குப் போகிறது. ஆனால், செட்டிநாட்டு மாளிகைகளிலிருந்து காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருட் கடைகளுக்கு வந்து சேரும் பர்மாத் தேக்கு மேஜைகளோ, பூவும் கொடியுமாகச் செதுக்கிய ஆசாரியின் நாமத்தைப் பெரும்பாலும் தாங்கி வருவதில்லை.

மேல்நாட்டிலும் இச்சிக்கல் உண்டு: இலண்டன் தச்சர் தாமஸ் சிப்பண்டேல் 1754இல் தம் சித்திரங்களை நூலாக வெளியிட்டபின், அவற்றைப் பார்த்துப் பலரும் செதுக்கினராதலால், மஹோகனித் தேநீர் மேஜையொன்றை அவர் பட்டறையினதென்று துணிய உருவ ஒற்றுமை போதாது, பழைய கணக்குச் சீட்டு போன்ற பிரமாணம் வேண்டும்.

சீட்டில்லாத நம் மேஜையைக் கவிழ்த்துத் தடவினால், இழைப்புளியின் அலைத்தடம் விரலில் தட்டுப்படும். அது கையால் இழைத்த காலத்தைச் சொல்லும், கர்த்தாவைச் சொல்லாது.