முன்பணமும் நன்றியும்: வேலையை விட்டுப் போவது குறித்துச் சில குறிப்புகள்

கூடுதல் கூலி கிடைக்கிற இடத்துக்குப் போகிறவன் ஏன் தலையைக் குனிந்துகொண்டு போகிறான்? கூலியைக் குறைக்கிற முதலாளியும் ஆளைக் குறைக்கிற நிர்வாகமும் அப்படிக் குனிவதில்லை. அவர்கள் செய்தால் 'சந்தை நிலவரம்', இவன் செய்தால் 'நன்றி கெட்டத்தனம்'. இதை மனித இயல்பு என்றோ தமிழ்ப் பண்பாடு என்றோ சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அப்படிப் படவில்லை. இந்தக் குற்றவுணர்வுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் சட்டத்துக்கும் சிறைக்கும் பங்கு இருக்கிறது.

சங்கரன்கோவிலை வெளியூர்க்காரர்கள் ஆடித்தபசுக்காக அறிவார்கள். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அது தறிச் சத்தம். கைத்தறி ஒடுங்கி விசைத்தறி பெருகிய ஊர் இது. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்யத் தெரிந்த ஊரும்கூட. கூட்டமாக நின்று உரிமை கேட்கிற அதே தொழிலாளி, தனியாளாக வேறு தறிக்குப் போக நேரும்போது கூசிப்போகிறார். அப்படி யோசித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணாச்சி சொன்னார்: "ராத்திரி பத்து மணிக்குப் போயி நின்னாலும் இல்லன்னு சொல்ல மாட்டாவ தம்பி. மக சடங்குக்கு அவியதான் ரூவா குடுத்தாவ. நாலு காசு கூடக் கெடைக்குன்னு இன்னொருத்தர் தறிக்குப் போனா, நாளைக்கு அவிய மூஞ்சில எப்படி முழிக்கது?" அந்த ரூபாய் நோட்டில் முன்பணமாக எழுதப்பட்டிருக்கிறது, வாரக் கூலியில் பிடிக்கப்படுகிறது என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கூச்சம் போகவில்லை.

முன்பணம் நெசவுக்குப் புதிதல்ல. ஆனால் அது எப்போதும் இப்படி நெசவாளியைக் கட்டிப்போட்டதா? பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்திய நெசவாளர்களை ஆராய்ந்த பிரசன்னன் பார்த்தசாரதி காட்டும் சித்திரம் வேறு. வணிகரிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள முடிந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒப்பந்தத்தை முறிக்கிற உரிமை வணிகருக்கு இல்லை. துணிக்குக் கிராக்கி, வாங்க ஆள் உண்டு, ஊர் பிடிக்காவிட்டால் தறியோடு வேறு ஊருக்குப் பெயரலாம். இதை ஒரு பொற்காலமாக்க வேண்டியதில்லை. அந்தச் சமூகத்தின் சாதிக் கட்டுமானத்தை நாம் அறிவோம். இங்கே முக்கியம் ஒன்றுதான்: பணத்தைக் கொடுப்பதா, வேலையைச் செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நெசவாளியிடம் இருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனி அரசதிகாரம் பெற்ற பிறகு இந்தச் சமன்பாடு உடைந்தது. நெசவாளர்கள் பிறருக்கு நெய்யாதபடி கண்காணிக்க ஆட்கள் வந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் அது எழுத்தில் ஏறியது: 1859-ஆம் ஆண்டின் 13-ஆவது சட்டம், வேலையாட்களின் ஒப்பந்த மீறல் பற்றியது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்கென்று தொடங்கி வேறு பகுதிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராதவனை மாஜிஸ்திரேட் முன்பு நிறுத்தலாம். பணத்தைத் திருப்பித் தருவதா, வேலையைச் செய்வதா என்று முடிவு செய்யும் உரிமை புகார் கொடுத்த முதலாளிக்கு. உத்தரவுக்கு இணங்காதவனுக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல். நெசவாளியிடம் இருந்த அதே உரிமை, அப்படியே முதலாளி கைக்கு மாறிவிட்டது. இலங்கைத் தோட்டங்களில் நம் ஆட்களின் கடனைத் 'துண்டு'ச் சீட்டில் எழுதினார்கள். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். 1921-இல் துண்டு ஒழிந்தது. இங்கே 1859-ஆம் ஆண்டுச் சட்டத்தை 1925-இல் இயற்றிய சட்டம் நீக்கியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது.

சட்டம் போனது, அது பயிற்றுவித்த கூச்சம் தங்கிவிட்டது. அது தங்குவதற்கு இடம் கொடுத்தது நம் மரபுதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'கடன்' என்ற ஒரே சொல் நமக்கு வாங்கிய பணத்தையும் குறிக்கும், கடமையையும் குறிக்கும். செஞ்சோற்றுக் கடன் என்றதும் கர்ணன் வந்து நிற்கிறான். கூத்திலும் 1964-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் நாம் கண்ணீர் விட்டுப் பார்த்த கர்ணன், மேலான இடத்துக்கு அழைப்பு வந்தும் போகாதவன். ஆனால் பிறப்பைக் கேட்டுச் சபை இழிவுபடுத்தியபோது துரியோதனன் கொடுத்தது ஒரு மரியாதை. அவன் அதை நோட்டில் பற்று எழுதவில்லை, வாராவாரம் பிடிக்கவுமில்லை. வீரனுக்கும் வேந்தனுக்கும் இடையிலான ஓர் அறத்தைக் கூலிக்கும் முன்பணத்துக்கும் இடையில் கொண்டுவந்து வைத்த கருத்தியல் வேலையை நாம் போதுமான அளவு பேசவில்லை.

இதை வெறும் ஏமாற்று என்று சுருக்கவும் முடியாது. குமாரபாளையம் விசைத்தறிகளில் 'பாக்கி' முறையை ஆராய்ந்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், அது தொழிலாளியைக் கட்டிப்போடுகிறது, அதே நேரத்தில் அவர் பேரம் பேசவும் நழுவவும் இடம் தருகிறது என்று இரண்டையும் காட்டுகிறார். ஆக, கூச்சப்படுகிறவர் ஏமாளி அல்ல. வங்கி கடன் தராத ஒருவருக்கு ராத்திரி பத்து மணிக்குத் திறக்கிற கதவு சின்ன விஷயமும் அல்ல.

படித்தவர்களின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று அப்போதைய விஜயா வங்கி போட்டிருந்த நிபந்தனை செல்லும் என 2025-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்போடு நமக்கு முரண்பாடு இருக்கலாம். ஆனால் அங்கே விலகலுக்கு ஒரு விலை இருக்கிறது, கட்டினால் கணக்கு முடிந்தது. யாரும் அந்த அதிகாரியை உப்புக்குத் துரோகம் செய்தவர் என்று சொல்லப்போவதில்லை. தறிக்காரர் மட்டும் பணத்தையும் கட்ட வேண்டும், நன்றியையும் கட்ட வேண்டும்.

உதவி என்றால் நோட்டில் ஏறாது. நோட்டில் ஏறினால் அது கடன். கடனைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்துவிடும். இரண்டாகவும் ஒரே பணத்தை வசூலிக்க முடியாது. கூடத் தறி ஓட்டுகிறவர்கள்மீது இவர் போவதால் ஏறுகிற சுமை, நடுவில் நிற்கிற கூலிப் போராட்டம் இவற்றுக்காக ஒருவர் தயங்கினால் அந்தத் தயக்கம் மதிக்கத்தக்கது. அது சமமானவர்களுக்கு இடையில் இருக்கிற கடன். எந்த நோட்டிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை. முதலாளிக்கு உள்ளதோ, கூட்டிக் கழித்துச் சொல்லிவிடக்கூடிய ஒரு தொகை. அதைக் கொடுத்துவிட்டு வேறு தறிக்குப் போவது, இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய நெசவாளி சாதாரணமாகச் செய்த காரியம்தான்.