கிருத்திகை முதலாக

உதக சாந்தியைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும். பஞ்சாங்கத்தில் நக்ஷத்திர வரிசை அச்வினியில் ஆரம்பிக்கிறது. ஆனால் அங்கே ஓதப்படும் நக்ஷத்திர ஸூக்தம் கிருத்திகையில் ஆரம்பித்து அபபரணியில் முடிகிறது. தைத்திரீய ஸம்ஹிதையின் வரிசையும் கிருத்திகை முதலானதே. ஏன் இப்படி என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு.

சதபத பிராம்மணத்தில், அக்னியாதானத்துக்கு உகந்த நக்ஷத்திரம் எது என்ற விசாரம் வருகிறது. கிருத்திகைக்கு அக்னியே தேவதை. மற்றவற்றைவிட அதில் மீன்கள் அதிகம். அது கிழக்குத் திசையை விட்டு விலகாது. ஆகவே உகந்தது என்கிறது ஒரு பக்ஷம். கிருத்திகைகள் ஸப்தரிஷிகளின் பத்தினிகள். ரிஷிகள் வடக்கே உதிக்க, இவர்கள் கிழக்கே உதித்துக் கணவரைப் பிரிந்தவர்கள். ஆகவே கூடாது என்கிறது மறு பக்ஷம். அவர்களுக்கு அக்னியே துணை என்று சமாதானமும் சொல்லப்படுகிறது.

இந்தப் பிரிவுக்கு மஹாபாரத வனபர்வம் காரணம் கூறுகிறது. ஸ்வாஹா தேவி, அருந்ததி நீங்கலாக ஆறு ரிஷிபத்தினிகளின் உருவெடுத்து அக்னியை அடைந்தாள். பழி அந்த ஆறு பேர் மேல் விழுந்தது. தள்ளப்பட்ட அவர்களே ஸ்கந்தனுக்குத் தாயாகி வானம் ஏறினர். வேதத்திலோ அம்பா, துலா முதலாக ஏழு பெயர்கள் உள்ளன. கிரேக்கர்களும் அட்லஸின் ஏழு பெண்கள் என்று சொல்லி, ஒருத்தி மறைந்ததாகக் கதை வைத்தார்கள். வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறுதான் தெரியும். 1610-ல் கலிலியோ தொலைநோக்கியால் பார்த்து 36 வரைந்தார்.

"கிழக்கை விட்டு விலகாது" என்ற வாக்கியத்தைப் பிடித்துக் கணக்கிட்டவர் மராட்டிய அறிஞர் சங்கர பாலகிருஷ்ண தீக்ஷிதர் (1853–1898). அயன சலனத்தால் நக்ஷத்திரங்கள் உதிக்கும் இடம் மெல்ல மாறுகிறது. மும்பையிலிருந்து பார்த்தால் இன்று கிருத்திகை நேர்கிழக்கிலிருந்து சுமார் 25 பாகை வடக்கே உதிக்கிறது. நேர்கிழக்கில் உதித்த காலம் கி.மு. 3000-ஐ ஒட்டியது என்றார் அவர். மொழி ஆராய்ச்சியாளர்கள் அந்த நூலையே அதற்கு மிகப் பிற்பட்டதாகக் கருதுகிறார்கள். கிழக்கு என்றது நேர்கிழக்கைத்தானா என்றும் கேட்கிறார்கள்.

"ஐயாயிரம் வருஷம்" என்று நானும் பெருமையாகச் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை. பழைய நினைவு பிற்கால நூலில் தங்கியிருக்கலாம் என்பதுவரைதான் என் துணிபு. இரு பக்ஷத்தையும் பதிந்து வைத்த முன்னோர்களின் பிள்ளைகள் நாம். ஒரு பக்ஷத்தை மட்டும் சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

கார்த்திகை தீபத்தன்று பூர்ண சந்திரன் அருகிலேயே இருப்பதால் இந்தக் கூட்டம் மங்கிவிடும். அடுத்த அமாவாஸ்யையை ஒட்டிய ஓர் இரவில் குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துப் போங்கள். ஆறா, ஏழா என்று அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.