குடவோலை முதல் ஓடிபி வரை: செங்கல்பட்டு வட்டாரத்தில் சாட்சியின் வரலாறு

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் தேர்தலுக்குச் சான்றாகவே காட்டுகின்றன; அவற்றுள் அடங்கிய பாதுகாப்பு ஏற்பாடு அதைவிட நுட்பமானது. குடும்பு எனப்பட்ட 30 பிரிவுகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயரெழுதிய ஓலைகள் கட்டுகளாகக் குடத்தில் இடப்பட்டு, ஊர்ச் சபை முழுவதும் கூடியிருக்க, கோயில் அர்ச்சகர்களான நம்பிமாருள் மூத்தவர் அக்குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிப்பார். உள்ளிருப்பது அறியாத சிறுவன் ஒருவன் எடுத்துத் தரும் ஓலையை, சபையின் நடுவரான மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரல் மடங்கியிருந்தால் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருக்க இடமுண்டு. அவர் வாசித்த பெயரை நம்பிமார் அனைவரும் வாசித்த பின்னரே அது எழுதப்பட்டது. நிலமுடைய அந்தணர்க்கே உரியதாயிருந்த அச்சபையில் உழுதவர்க்கோ பெண்களுக்கோ ஓலை இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் எந்தத் தனி மனிதரையும் நம்பாமல், கூடியிருந்தோர் கண்களை நம்பிய முறை அது.

1763இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ஆங்கிலக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை கம்பெனியின் நில அளவையாளர் தாமஸ் பர்னார்டு ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்தபோது கணக்குப்பிள்ளைகளின் ஓலைகள் பெரிதும் உதவின. விளைச்சலில் கோயிலுக்கும் தச்சர், கொல்லர் முதலியோருக்கும் உரிய பங்குகள் அவற்றில் பதிவாயின. பங்கு பெறுவோர் முன்னிலையில் களத்திலேயே நெல் அளக்கப்பட்டதால், ஓலையைத் திருத்த வல்லவருக்கும் பலர் கண்ட அளவைத் திருத்துவது எளிதாயிருக்கவில்லை. பின்வந்த எழுத்துச் சட்டங்களும் சாட்சியைக் கைவிடவில்லை: 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் தான பத்திரத்துக்குக் குறைந்தது இரு சாட்சிகளைக் கோரியது. 1880இல் அஞ்சல் துறை ஏற்ற மணியார்டரிலும், கைநாட்டு வைப்பவர் பணம் பெறச் சாட்சி தேவைப்பட்டது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலான கடற்கரைக் குப்பங்களிலோ, மீனின் விலை கரையில் எல்லோர் காதிலும் விழ ஏலம் கூவியே முடிவாயிற்று.

இம்முறைகளுக்குள் ஆதிக்கமும் இருந்தது. சாட்சியாக நின்றவரே கடன் கொடுத்தவராகவும், கணக்கெழுதியவரே ஊரை ஆட்டிவைத்தவராகவும் இருந்த நிலையில், பரம்பரைக் கணக்கர் பதவியைத் தமிழ்நாடு அரசு 1980இல் ஒழித்தது நியாயமே. கைப்பேசியும் அவ்வாறே ஒரு விடுதலையாக வந்தது: இணையத்தில் அட்டைவழிப் பணம் செலுத்த இரண்டாம் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009இல் கட்டாயமாக்கியதையடுத்து ஓடிபி எனும் ஒருமுறைக் கடவுச்சொல் பரவியது; 2016இல் யுபிஐ எனும் உடனடிப் பணப்பரிமாற்ற முறை வந்தபின், மாமல்லபுரத்தில் சிற்பம் விற்பவரும் மீன் விற்பவரும் எவர் தயவுமின்றித் தம் கணக்கிலேயே பணம் பெற முடிகிறது. ஆனால் இடைத்தரகரோடு சாட்சியும் விலகிவிட்டார். பெயர், கணக்கு, உறவினர் எண்கள், படங்கள் அனைத்தும் ஒரே கருவியில் குவிந்திருக்க, அதைக் கையில் வைத்திருப்பவர் முடிவெடுக்கும் கணத்தில் தனியாகவே இருக்கிறார்.

இன்றைய மோசடி கைவைப்பது இத்தனிமையில்தான். ‘டிஜிட்டல் கைது’ எனப்படும் ஏமாற்றில், காவல் சீருடையில் காணொளி அழைப்பில் தோன்றுவோர், அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, குடும்பத்தாரிடமும் சொல்லக் கூடாது என்று முதலிலேயே மிரட்டுகின்றனர். அடுத்த அறையில் மகளோ மருமகனோ இருந்தும் முதியவர் ஓய்வூதியச் சேமிப்பை அனுப்பிவிடுகிறார். இத்தகைய கைது எந்தச் சட்டத்திலும் இல்லை என்பதைப் பிரதமரே 2024 அக்டோபர் வானொலி உரையில் விளக்க நேர்ந்தது. 1930 என்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கை வங்கிகள் வழியே முடக்க வாய்ப்புண்டு. அங்கிருந்து அது வேறு கணக்குகளுக்குச் சிதறிவிட்டால் மீட்பது கடினம். ஆகவே, ஏமாந்தவர் வெட்கத்தை விட்டு வீட்டிலுள்ள ஒருவரிடம் வாய் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரமே மீளும் தொகையைப் பெரிதும் தீர்மானிக்கிறது.