துணி உலர்த்தியின் கதை

கொடியில் போட்ட ஈரவேட்டியைக் காய வைப்பது வெயிலா, காற்றா? இரண்டும்தான், எனினும் காற்றின் பங்கை நாம் மறந்துவிடுகிறோம். மேலை நாட்டாரின் முதல் உலர்த்திகளும் நெருப்பையே நம்பின.

1800-ஐ ஒட்டி பிரான்சிலும் இங்கிலாந்திலும் துளையிட்ட உருளையினுள் ஈரத்துணியை இட்டு, நெருப்பின்மேல் கையால் சுழற்றினர். துணியில் புகை நாற்றம் ஏறியது. சில சமயம் தீயும் பற்றியது! 1892-இல் அமெரிக்கரான ஜார்ஜ் சாம்ப்சன், அடுப்பருகே துணியைத் தொங்கவிடும் சட்டங்களுக்குக் காப்புரிமை பெற்றார். வடக்கு டக்கோட்டாவின் கடுங்குளிரில் கொடி பயன்படாதது கண்ட ராஸ் மூர், சுழலும் உருளை உலர்த்தியை உருவாக்கினார். 1938-இல் ஹாமில்டன் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அந்த ஆவியை வெளியேற்ற விசிறியும் குழாயும் வேண்டுமே! உருளை சுழன்றும் துணி காயவில்லையெனில் பலர் வெப்பச் சுருளையே குறை கூறுவர். முதலில் பார்க்க வேண்டியவை பஞ்சு வடிகட்டியும் வெளியேற்றுக் குழாயுமே. துணியிலிருந்து உதிரும் நூற்பிசிறு அங்கே அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறையும். உள்ளே வெப்பம் ஏறும். காவலாக வைத்த வெப்ப உருகி அறுந்துவிடும். அடைப்பை நீக்காமல் புது உருகி போட்டால் அதுவும் அறும். உருகிக்குப் பதில் வெறுங்கம்பியை இணைப்போரும் உண்டு. அது மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்வதாகும். அமெரிக்காவில் உலர்த்தியால் மூளும் வீட்டுத் தீக்கு முதன்மைக் காரணம் துப்புரவு செய்யாமையே என்று அந்நாட்டுத் தீயணைப்பு நிர்வாகம் கூறியுள்ளது. ஒவ்வொரு முறை உலர்த்தும்போதும் வடிகட்டியை வழித்தெடுக்க ஒரு நிமிடம் போதும். குழாயைக் கழற்றுமுன் மின்செருகியைப் பிடுங்கிவிட வேண்டும்.