வார்டு பெட்டியும் பாசி வளர்ப்பும்

வார்டு பெட்டி என்பது ஈரமண்ணில் நட்ட செடிகளை இறுக மூடி வைக்கும் கண்ணாடிப் பெட்டி ஆகும். இன்று வீடுகளில் பாசி வளர்க்கப் பயன்படும் டெராரியம் என்னும் கண்ணாடிக் குடுவைக்கு இதுவே முன்னோடி. இங்கு பாசி என்பது ஈரச் சுவர்களில் மெத்தைபோல் படரும் மாஸ் வகைத் தாவரங்களைக் குறிக்கிறது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் போன்ற வெப்பமான ஊர்களில் குடுவையில் பாசி வளர்ப்போர் சந்திக்கும் அதே சிக்கலால், 1860-இல் நீலகிரிக்கு அனுப்பப்பட்ட சின்கோனா செடிகள் அழிந்தன.

தோற்றம்

1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் பாக்ஷா வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் புட்டியில் இட்டு மூடி வைத்தார். மண்ணிலிருந்து பெரணியும் புல்லும் முளைத்தன. பகலில் ஆவியான நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணில் சேர்ந்ததால், தண்ணீர் ஊற்றாமலே அவை ஏறத்தாழ 4 ஆண்டுகள் வாழ்ந்தன. 1833-இல் வார்டு இத்தகைய பெட்டிகளில் சிட்னிக்கு அனுப்பிய செடிகள் உயிருடன் சென்று சேர்ந்தன. 1842-இல் இம்முறை பற்றி நூல் எழுதினார்.

நீலகிரியில் சின்கோனா

மலேரியாவுக்கு மருந்தான குயினைன், தென் அமெரிக்காவின் சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைத்தது. அம்மரத்தை இந்தியாவில் வளர்க்க, கிளெமென்ட்ஸ் மார்க்கம் 1860-இல் பெரு நாட்டிலிருந்து கன்றுகளை வார்டு பெட்டிகளில் கொண்டு வந்தார். பயணத் தாமதமும் செங்கடலின் கடும் வெப்பமும் அவற்றை நலிவுறச் செய்தன. உதகமண்டலம் வந்த பின் அவற்றுள் ஒன்றும் பிழைக்கவில்லை. 1861-இல் ஈக்குவடாரிலிருந்து வந்த செம்பட்டைச் சின்கோனாவே நீலகிரியில் வேரூன்றியது. தொட்டபெட்டா, நடுவட்டம் ஆகிய இடங்களில் தோட்டங்கள் அமைந்தன.

அவற்றைக் கவனித்தவர் உதகை தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மக்கைவர். மரத்தை வெட்டாமல் பட்டையை நீளவாக்கில் கீற்றுகளாக உரித்து, அந்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டும் முறையை அவர் கண்டறிந்தார். பாசியின் ஈரத்தில் புதுப்பட்டை வளர்ந்தது. அதில் குயினைன் அளவும் கூடுதலாக இருந்தது.

கடற்கரை ஊர்களில் பராமரிப்பு

மூடிய கண்ணாடி ஈரத்தைக் காப்பதுபோல வெப்பத்தையும் உள்ளேயே தேக்கி வைக்கிறது. எனவே மாமல்லபுரம் போன்ற ஊர்களில் குடுவையை நேரடி வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். கண்ணாடி முழுவதும் நீர்த்துளிகள் அடர்ந்தால் மூடியைச் சிறிது நேரம் திறந்து வைக்கலாம். பாசிக்கு உண்மையான வேர் இல்லை. இலைப்பரப்பு வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. கடலோரக் கிணறுகளின் உப்புநீரைத் தெளித்தால், நீர் ஆவியாகி உப்பு மட்டும் அதன்மேல் தங்கிவிடும். ஆதலால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சேமித்த மழைநீரே பாசிக்கு ஏற்றது.